புளித்த மாவுக்குள் ஒரு போர்!

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் இன்னும் கண் விழிக்கவில்லை. காலை மணி 5-12.

பூமி குலுங்கியது. வீடுகள் சரிந்தன. பல இடங்களில் தீப்பிடித்தது. அந்தத் தீ நாள் கணக்கில் எரிந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக் கொண்டு ஜனங்கள் ஓடினார்கள்.

அந்த ஊரில் பூடீன் ரொட்டிக் கடை என்று ஒரு கடை. 1849-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதை நடத்தி வந்த லூயீஸ் பூடீன் அம்மாள் ஒரு மர வாளியைத் தூக்கிக் கொண்டு வெளியே வந்தார் என்று அந்தக் கடைக்காரர்கள் இன்றும் சொல்லி வருகிறார்கள்.

வாளியில் என்ன இருந்தது? நகையா? பணமா? கடைப் பத்திரமா?

ஒன்றும் இல்லை. புளித்த மாவு!

ஊர் எரியும் போது ஒரு அம்மாள் புளித்த மாவையா காப்பாற்றுவாள் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ரொட்டிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்த மாவு போனால் கடையே போயிற்று. கடையைத் திரும்பக் கட்டலாம். அந்த மாவைக் கடையில் வாங்க முடியாது.

அப்படி என்ன அந்த மாவில் இருக்கிறது?

தாய் மாவு

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து மூடி வைத்தால், ஓரிரு நாளில் அது பொங்கும். கொஞ்சம் நாற்றமும் அடிக்கும். அதில் ஒரு பகுதியை எறிந்து விட்டு, புது மாவும் தண்ணீரும் சேர்ப்பார்கள். மறுநாளும் அப்படியே. இப்படி ஒரு வாரம், இரண்டு வாரம் செய்தால் கெட்ட நாற்றம் போய்விடும். நல்ல புளிப்பு வாசனை வரும். இதுதான் தாய் மாவு.

ரொட்டி சுடும் போது இந்தத் தாய் மாவில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் கலப்பார்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். பிறகு தாய் மாவுக்கு மறுபடியும் புது மாவு போட்டு வைப்பார்கள். அது சாவதில்லை. பாட்டி வைத்த மாவு பேத்தி காலத்திலும் வேலை செய்யும்.

இது நேற்று வந்த வழக்கம் அல்ல. ரோமாபுரியில் சுமார் 1,950 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், முதல் நாள் மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து மறுநாள் மாவைப் புளிக்க வைப்பதைப் பற்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் இதுவே வழக்கம். 19-ம் நூற்றாண்டில் ஆலைகளில் செய்த ஈஸ்ட் கடைக்கு வந்தது. ஒரு துண்டு ஈஸ்டைப் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். ராத்திரி முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. அவசர உலகம் அதைப் பிடித்துக் கொண்டது. பல கடைகள் தாய் மாவைக் குப்பையில் கொட்டின.

சிலர் மட்டும் விடவில்லை. 1896-ம் ஆண்டுக்குப் பிறகு கனடாவின் வடக்கே தங்கம் தேடி ஓடிய கூட்டத்தார் புளித்த மாவைப் பையில் போட்டு உடம்போடு கட்டிக் கொண்டு போனார்கள். கடுங்குளிரில் மாவு உறைந்து விடக் கூடாதே! உடம்புச் சூட்டில் அது பிழைத்தது. இதனால் அலாஸ்காவில் பழந்தின்ற ஆட்களுக்குப் 'புளித்த மாவு' என்றே பட்டப் பெயர் வந்து விட்டது.

வாளிக்குள் ஒரு உலகம்

புளிப்பதற்குக் காரணம் உயிருள்ள கிருமிகள் என்பதை 1857-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துக் காட்டினார். பால் புளிப்பதைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி அந்த ஆண்டில்தான் வந்தது.

நன்றாகப் புளித்த ரொட்டி மாவில் இரண்டு வகை ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒன்று, ஈஸ்ட். இது காற்றை உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கிறது. மற்றொன்று, லாக்டிக் அமில பாக்டீரியா. இது மாவைப் புளிக்க வைக்கிறது. ஒரு ஈஸ்ட் இருந்தால் ஏறக்குறைய நூறு பாக்டீரியா இருக்கும்.

ஒரு கிராம் மாவில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கலாம். உலகத்தில் உள்ள மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து சுமார் எண்ணூறு கோடி. அதை விடப் பெரிய கூட்டம் ஒரு கரண்டி மாவுக்குள் அடங்கி விடுகிறது!

நம் வீட்டு இட்லி மாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1965-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆராய்ந்தவர்கள் இட்லி மாவில் லியூகோனாஸ்டாக் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கண்டார்கள். இட்லி மாவில் புளிப்பையும் கொடுத்து, மாவையும் பொங்க வைப்பது அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. இட்லிக்குத் தாய் மாவு வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. உளுந்தே தன்னோடு கிருமியைக் கொண்டு வந்து விடுகிறது. வெயில் காலத்தில் ஒரு ராத்திரி போதும்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். அந்த ஊர் ரொட்டிக்குத் தனிப் புளிப்பு. 'எங்கள் கடற்கரை மூடுபனிதான் காரணம். வேறு ஊரில் இந்த ரொட்டி வராது' என்று அவ்வூரார் பெருமை பேசினார்கள். உண்மையா என்று பார்த்தார்கள் இரண்டு ஆராய்ச்சியாளர்கள். ஒருவர் லியோ கிளைன். மற்றவர் பிராங்க் சுகிஹாரா. இருவரும் கலிபோர்னியாவில் ஆல்பனி என்ற ஊரில் இருந்த அரசாங்க ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர்கள்.

அவர்களுக்கு முதலில் தோல்விதான். மாவில் இருந்த பாக்டீரியா ஆராய்ச்சிக் கண்ணாடித் தட்டில் வளர மறுத்தது. வழக்கமாகக் கொடுக்கும் சர்க்கரை அதற்குப் பிடிக்கவில்லை. கடைசியில் மால்ட்டோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்தார்கள். மாவில் இயற்கையாக உண்டாகும் சர்க்கரை அது. உடனே வளர்ந்தது! 1971-ல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். ஊரின் பெயரையே பாக்டீரியாவுக்கு வைத்தார்கள்: சான்பிரான்சிஸ்கென்சிஸ்.

அந்த ஊர் ஈஸ்டுக்கோ மால்ட்டோஸ் சாப்பிடத் தெரியாது. பாக்டீரியா மால்ட்டோஸை உடைத்து, மீந்த குளுக்கோஸை வெளியே விடுகிறது. ஈஸ்ட் அதை எடுத்துக் கொள்கிறது. ஒரே இலையில் இரண்டு பேர். சண்டை இல்லை.

மூடுபனிக் கதை என்ன ஆயிற்று? இதே பாக்டீரியா பிறகு இத்தாலியில் கிடைத்தது. ஜெர்மனியில் கிடைத்தது. மூடுபனிக்கு அதில் பங்கில்லை. பாவம், சான் பிரான்சிஸ்கோ! பெயர் மட்டும் அந்த ஊருக்கு மிஞ்சியது.

ரொட்டிக்கு இரண்டு எதிரிகள்

ரொட்டியை எல்லாரும் வாங்குகிறார்கள். இரண்டு நாள் வைத்தால் என்ன ஆகிறது? பச்சையாக, கருப்பாகப் பூசணம் பூக்கிறது. தூக்கி எறிகிறோம். இது முதல் எதிரி.

அடுப்பில் வேகும் போது பூசணத்தின் வித்துக்கள் செத்து விடும். ஆனால் வெந்த பிறகு காற்றில் மிதந்து வந்து உட்காரும். ரொட்டி அறுக்கும் கத்தியில் ஒட்டிக் கொண்டு வரும். ரொட்டியைத் துண்டு போட்டு உறைக்குள் அடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். உள்ளே ஈரம் இருக்கிறதே!

பூசணம் என்றால் வெறும் அருவருப்பு மட்டும் அல்ல. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் முதலில் புரியவில்லை. கடைசியில் அவற்றுக்குப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்தது குற்றம் என்று தெரிந்தது. பிண்ணாக்கில் பிடித்த ஒரு பூசணம் விஷத்தை உண்டாக்கியிருந்தது. அந்த விஷத்துக்கு அப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். எல்லாப் பூசணமும் இப்படி விஷம் கக்குவதில்லை. ஆனால் எது கக்கும், எது கக்காது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது எதிரி இன்னும் பொல்லாதது. அது மாவோடு கூடவே வருகிறது. பாசில்லஸ் என்ற பாக்டீரியா. ஆபத்து வந்தால் இது கெட்டியான வித்தாக மாறி உறங்கும். ரொட்டி அடுப்பின் சூடு 200 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனால் ரொட்டியின் நடுப்பகுதியில் ஈரம் இருப்பதால் அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வித்து அதைத் தாங்கி விடும். ரொட்டி ஆறியதும் மெள்ளக் கண் விழிக்கும்.

ஓரிரு நாளில் அழுகிய முலாம்பழ வாசனை வரும். ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே பிசுபிசு என்று இருக்கும். நூல் நூலாக இழுபடும். மேல்நாட்டு ரொட்டிக்காரர்கள் இதைக் 'கயிறு' என்றே சொல்கிறார்கள். கோடைக் காலம் இதற்கு உகந்த காலம். மேலே பார்த்தால் ரொட்டி நன்றாகவே இருக்கும்! உள்ளே மோசம்.

இந்த இரண்டு எதிரிகளுக்காக ஆலைக்காரர்கள் கால்சியம் புரோப்பியனேட் என்ற உப்பை ரொட்டியில் சேர்க்கிறார்கள். சட்டம் அனுமதித்த பொருள்தான் அது. சுவிட்சர்லாந்தின் பாலாடைக் கட்டியில் புரோப்பியானிக் அமிலம் இயற்கையாகவே உண்டாகிறது. இருந்தாலும் சேர்க்கைப் பொருள் இல்லாத ரொட்டி வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகி விட்டார்கள். புளித்த மாவு ரொட்டி மட்டும் உப்பு போடாமலே ஏன் தாமதமாகக் கெடுகிறது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

புளிப்பே கோட்டை

முதல் பதில் எளிது. புளிப்பு.

லாக்டிக் அமிலம் மாவின் புளிப்பை ஏற்றுகிறது. புளிப்பு ஏறிய ரொட்டியில் பாசில்லஸ் வித்து முளைப்பது கடினம். பூசணத்தை விரட்டுவதில் அசிட்டிக் அமிலம் இன்னும் கெட்டி. அசிட்டிக் அமிலம் வேறொன்றும் அல்ல. ஊறுகாய்க்குச் சேர்க்கும் வினிகரில் இருப்பது அதுதான். அமிலம் பூசணத்தின் உடலுக்குள் நழுவிப் போகும். உள்ளே போய்ப் புளிப்பை அவிழ்த்து விடும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளியே பூசணம் களைத்துப் போகும். வளர நேரம் ஏது?

ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. ஒரே அளவு புளிப்பு உள்ள இரண்டு மாவில், ஒன்று சீக்கிரம் பூசணம் பிடித்தது. மற்றொன்று பல நாள் தாக்குப் பிடித்தது. அப்படியானால் புளிப்பைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது!

1998-ல் இத்தாலிய விஞ்ஞானிகள் ஒரு விடை சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோ பெயர் கொண்ட அதே பாக்டீரியாவின் ஒரு வகையை எடுத்துச் சோதித்தார்கள். அது ஓர் அமிலத்தை மட்டும் செய்யவில்லை. அசிட்டிக், பார்மிக், புரோப்பியானிக், பியூட்டிரிக், வலேரிக், காப்ரோயிக் என்று ஒரு கூட்டத்தையே செய்தது. இவை கூட்டாகச் சேர்ந்து பூசணத்தைத் தாக்கின. கூட்டத்தில் முக்கியமான ஆள் காப்ரோயிக் அமிலம். பட்டியலில் இன்னொரு பெயரைக் கவனித்தீர்களா? புரோப்பியானிக் அமிலம். ஆலைக்காரர்கள் மூட்டையில் வாங்கிப் போடும் உப்பின் மூலப் பொருள்! அதைப் பாக்டீரியா சம்பளம் இல்லாமல் செய்து கொடுக்கிறது.

பாரி நகரில் ஒரு சோதனை

இத்தாலியின் தென்பகுதியில் பாரி என்ற துறைமுக நகரம். ரொட்டிக்குப் பெயர் போன பகுதி. அங்கே உள்ள ஆராய்ச்சியாளர்கள் புளித்த மாவிலிருந்து 21 பி என்று எண் கொடுத்த ஒரு பிளாண்டாரம் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள்.

மூன்று விதமாக ரொட்டி சுட்டார்கள். ஒன்றில் ஈஸ்ட் மட்டும். இரண்டாவதில் ஈஸ்டும் வேறொரு பாக்டீரியாவும். மூன்றாவதில் ஈஸ்டும் 21 பி-யும். பிறகு மூன்றின் மேலும் வேண்டுமென்றே கருப்புப் பூசணத்தின் வித்துக்களைப் போட்டார்கள். சாதாரண அறைச் சூட்டில் வைத்து விட்டுக் காத்திருந்தார்கள்.

முதல் இரண்டு ரொட்டியிலும் இரண்டே நாளில் பூசணம் தெரிந்தது. 21 பி சேர்த்த ரொட்டியில் ஏழு நாள் ஆயிற்று!

இரண்டு நாள் எங்கே, ஏழு நாள் எங்கே! ஒரு குடும்பம் வாரத்துக்கு ஒரு தடவை ரொட்டி வாங்கினால் போதும் என்று ஆகிறது அல்லவா?

காரணமான பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். பினைல் லாக்டிக் அமிலம் என்பது அதன் பெயர். அதோடு கூடப் பிறந்த இன்னொரு அமிலமும் இருந்தது. 2000-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளிவந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலின் கண்டார். பூசணம் பாக்டீரியாவைக் கொன்றது. உலகமே வியந்தது. ரொட்டி மாவில் நடப்பது தலைகீழ். பாக்டீரியா பூசணத்தை அடக்குகிறது. இந்தச் சண்டை எத்தனையோ யுகமாக நடந்து வருகிறது. ஒரு தடவை இவன் கை ஓங்கும். ஒரு தடவை அவன் கை.

மாவில் உள்ள எண்ணெய்ச் சத்தைக் கூடப் பாக்டீரியா ஆயுதமாக்கும். கோதுமையில் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது. ஹாம்மேசி என்ற பாக்டீரியா அதைச் சற்றே மாற்றிப் பூசணத்துக்கு ஆகாத பொருளாக்கி விடுகிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-ல் இதை வெளியிட்டார்கள்.

பத்து ஆண்டு ஆண்ட ராஜா

எல்லாவற்றையும் விட விசித்திரமான ஆயுதம் ஜெர்மனியில் கிடைத்தது.

அங்கே ஆலைகளில் பெரிய தொட்டிகளில் மாவைப் புளிக்க வைப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு மாவில் ரியூட்டரி என்ற பாக்டீரியா குடியிருந்தது. ரியூட்டர் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வந்தது இந்தப் பெயர். மனிதன் வயிற்றிலும் மிருகங்களின் வயிற்றிலும் கூட வாழும் பாக்டீரியா இது.

ஆச்சரியம் என்னவென்றால், இது அந்த மாவை விட்டுப் போகவே இல்லை. ஆலையில் தினமும் புது மாவு கொட்டுகிறார்கள். புது மாவோடு எத்தனையோ கிருமிகள் வருகின்றன. ஒன்றும் அங்கே காலூன்ற முடியவில்லை. ஏறக்குறையப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்த போதும் ரியூட்டரி அதே மாவில் ராஜாவாக இருந்தது!

ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கென்ஸ்லே, வால்ட்டர் ஹாம்மஸ் முதலியவர்கள் இதை ஆராய்ந்தார்கள். இந்தப் பாக்டீரியா மற்றக் கிருமிகளைக் கொல்கிறது. எதனால்? அமிலத்தால் அல்ல. அது போதாது. பாக்டீரியாக்கள் வழக்கமாகச் செய்யும் புரத விஷத்தாலும் அல்ல. ரியூட்டரி இனம் செய்யும் ரியூட்டரின் என்ற பழைய பொருளாலும் அல்ல. தெரிந்த ஆயுதம் ஒவ்வொன்றையும் பார்த்துக் கழித்தார்கள். மிஞ்சியது தெரியாத ஒன்று.

அதைச் சுத்தம் செய்து எடுத்தார்கள். டூபிங்கன் பல்கலைக்கழக ரசாயன நிபுணர்கள் அதன் உருவத்தைக் கண்டுபிடித்தார்கள். மிகச் சின்னப் பொருள். எடை 349 அலகு. புரத விஷங்கள் இதைப் போலப் பத்து மடங்கு கூட இருக்கும். ரியூட்டரிசைக்ளின் என்று பெயரிட்டு 2000-ல் வெளியிட்டார்கள். லாக்டிக் அமில பாக்டீரியாவிடம் இப்படிப்பட்ட சின்ன உருவமுள்ள கிருமிக் கொல்லி கிடைத்தது அதுவே முதல் தடவை.

இது எப்படிக் கொல்கிறது? ஒவ்வொரு பாக்டீரியாவையும் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. வெளியே எவ்வளவு புளிப்பு இருந்தாலும் உள்ளே விடாமல் அந்தத் தோல் காக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பாக்டீரியா பிழைப்பு நடத்துகிறது. ரியூட்டரிசைக்ளின் சுவரில் ஓட்டை போடுவதில்லை. மூட்டை தூக்கும் ஆள் போல வேலை செய்கிறது. வெளியே உள்ள புளிப்பை ஒவ்வொன்றாகச் சுமந்து தோல் வழியே உள்ளே கொண்டு போய் இறக்குகிறது. திரும்பி வருகிறது. மறுபடியும் சுமக்கிறது. உள்ளும் வெளியும் ஒன்றாகி விட்டால் கிருமி தீர்ந்தது.

புளிப்பு மாவுக்குள் இதை விடப் பொருத்தமான ஆயுதம் உண்டா? மாவு எவ்வளவு புளிக்கிறதோ அவ்வளவு சுமை எதிரியின் தலையில்!

'கயிறு' உண்டாக்கும் பாசில்லஸ் இதற்குச் சாகிறது. அதன் வித்து முளைப்பதையும் இது தடுக்கிறது. சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் சாகிறது. சான் பிரான்சிஸ்கோ பாக்டீரியாவும் தப்பவில்லை. சொந்தக்காரன் என்று பார்க்காமல் அதையும் உடைத்துப் போடுகிறது. ஆனால் மேலே இன்னொரு கவசம் போட்ட கிருமிகளும் உண்டு. வயிற்றில் வாழும் ஈ. கோலி அப்படிப்பட்டது. அதனிடம் ரியூட்டரிசைக்ளின் பலிக்கவில்லை. கவசம் பழுதான ஈ. கோலியை வைத்துப் பார்த்தார்கள். அது வளர முடியவில்லை. கவசம்தான் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று.

மருந்தாகுமா?

பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் இன்று அடங்குவதில்லை. பென்சிலினைக் கண்டு ஓடிய கிருமி இன்று அதைச் சட்டை செய்வதில்லை. ஆகவே புது மருந்து எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். மண்ணில் தேடுகிறார்கள். கடலில் தேடுகிறார்கள். மாவிலும் தேடினால் என்ன?

ஆஸ்பத்திரிகளில் கிளாஸ்டிரிடியம் டிபிசில் என்ற கிருமி பெரிய தொல்லை. மற்ற மருந்துகளைச் சாப்பிட்டு வயிற்றில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்த பிறகு இது புகுந்து கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வயோதிகர்களை இது சாகடிப்பதும் உண்டு. 2011-ல் வந்த ஒரு ஆராய்ச்சியில் ரியூட்டரிசைக்ளினும், அதைப் போலச் செயற்கையாகச் செய்த பொருள்களும் சோதனைக் குழாயில் இந்தக் கிருமியைக் கொன்றன. வளராமல் சும்மா கிடக்கும் கிருமியையும் கொன்றன. சும்மா கிடக்கும் கிருமியைக் கொல்வதுதான் மருந்துகளுக்குக் கஷ்டமான வேலை.

ஆனால் சோதனைக் குழாய் வேறு. மனிதன் உடம்பு வேறு. ரியூட்டரிசைக்ளின் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. புளித்த மாவு ரொட்டி தின்றால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுப்பில் வெந்த ரொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் உயிரோடும் இருப்பதில்லை. அவை செய்து வைத்த அமிலங்கள்தான் மிஞ்சுகின்றன. அவை ரொட்டியைக் காக்கும். நோயாளியைக் காப்பது டாக்டர் வேலை.

லாக்டிக் அமில பாக்டீரியா செய்த பொருள் ஒன்று ஏற்கனவே உணவுக் காவலுக்கு வந்து விட்டது. நைசின் என்று பெயர். பாலில் உள்ள பாக்டீரியா செய்வது. 1928-ல் அமெரிக்காவில் அதன் வேலையைக் கவனித்தார்கள். 1947-ல் இங்கிலாந்தில் பெயர் வைத்தார்கள். 1969-ல் சர்வதேச நிபுணர் குழு உணவில் சேர்க்கலாம் என்று ஒப்புக் கொண்டது. கவனித்த நாளிலிருந்து ஒப்புதல் வரை 41 ஆண்டு! புளித்த மாவு பாக்டீரியாக்களும் இதைப் போன்ற புரத விஷம் செய்கின்றன. 1993-ல் டென்மார்க்கில் அப்படி ஒன்றைப் பிரித்தெடுத்து பவாரிசின் என்று பெயர் வைத்தார்கள். இறைச்சியிலும் பாலாடைக் கட்டியிலும் வளரும் லிஸ்டீரியா என்ற பொல்லாத கிருமியை அது அடக்குகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ரொட்டியில் ஒரு மூலையில் பூசணம் தெரிந்தால் அந்த மூலையை மட்டும் கிள்ளி எறிந்து விட்டு மிச்சத்தைத் தின்பவர்கள் உண்டு. அது தவறு. கண்ணுக்குத் தெரிவது பூ மட்டுமே. வேர் போன்ற இழைகள் மிருதுவான ரொட்டிக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். முழுவதையும் எறிந்து விட வேண்டும். முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம். வித்துக்கள் மூக்கில் ஏறும்.

ரொட்டி சூடாக இருக்கும் போதே உறையில் போட்டுக் கட்டக் கூடாது. ஆவி நீராகி உள்ளேயே தங்கும். நன்றாக ஆற விட வேண்டும்.

வீட்டில் தாய் மாவு வைக்கிறவர்கள் முதல் நாலைந்து நாளில் மாவு பொங்குவதைக் கண்டு அவசரப்படக் கூடாது. அப்போது பொங்க வைப்பது பெரும்பாலும் வேண்டாத கிருமிகள். புளிப்பு ஏற ஏற அவை அடங்கும். மாவில் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடு கண்டால் யோசிக்காமல் கொட்டி விட்டுப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவ வேண்டும். போரில் சில சமயம் எதிரியும் ஜெயிப்பான்.

மாவுக்கு ஒரு நூலகம்

பெல்ஜியம் நாட்டில் சாங்க்ட் வித் என்று ஒரு சிற்றூர். அங்கே 2013-ம் ஆண்டில் ஒரு நூலகம் திறந்தார்கள். புத்தகம் ஒன்றும் கிடையாது. சுவரோரம் குளிர்ப்பெட்டிகள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஜாடிகள். ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு நாட்டின் புளித்த மாவு! நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

மாவைக் கொடுத்தவர் செத்துப் போகலாம். கடை மூடப்படலாம். மாவு மட்டும் வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு மாவிலும் என்னென்ன பாக்டீரியா, என்னென்ன ஈஸ்ட் என்று ஆராய்ந்து குறித்து வைக்கிறார்கள். நாளைக்கு யாராவது ஒரு புது ஆயுதம் தேடி வந்தால் பார்த்துக் கொள்ளலாம்.

ஜாடிகளுக்கு அவ்வப்போது சாப்பாடு போட வேண்டும் அல்லவா? அதற்குப் பெல்ஜியத்து மாவை எடுத்துக் கொட்டுவதில்லை. அந்தந்த மாவு எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊர் மாவையே வரவழைத்துப் போடுகிறார்கள்.